பெயர்ப்பலகை மாறினாலும் பொறுப்பு மாறாது

நம்மில் பலருடைய வீடுகளில் ஒரு தகரப்பெட்டி உண்டு. பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றோடு ஒரு பழைய சேமிப்புப் புத்தகமும் அதில் இருக்கும். அதன் அட்டையில் அச்சிடப்பட்டுள்ள வங்கியின் பெயரை இன்று எந்தப் பட்டணத்திலும் காண முடியாது. "அந்த வங்கி போய்விட்டது, அதோடு அந்தப் பணமும் போய்விட்டது" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுகிறோம்.

இம்முடிவு சரியானதுதானா? வங்கி ஒன்று மற்றொரு வங்கியின் கைக்கு மாறும்போது நமது சேமிப்பு என்னவாகிறது? நாம் பட்ட கடன் என்னவாகிறது? அவ்வங்கியை நம்பியிருந்த ஊர் என்னவாகிறது? உழைத்துச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்விகளாதலால், இவற்றுக்கு விடை அறிந்துகொள்வது நமது கடமையாகும்.

தோட்டம் கைமாறுவதும் வங்கி கைமாறுவதும்

கைமாறுதல் என்னும் சொல்லைக் கேட்டதும் தோட்ட மக்களுக்கு அச்சம் பிறப்பது இயல்பே. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் விற்றனர். அவ்வாறு துண்டாடப்பட்ட இடங்களில் தொழிலாளருக்கு வேலையும் போயிற்று. வேலையோடு சேர்ந்த வீடும் போயிற்று. அந்த அவலத்துக்கு மாற்று வழி காணவே துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் சிறு தவணைகளாகப் பணம் கட்டித் தாங்களே தோட்டங்களுக்கு உரிமையாளராயினர்.

இந்த வரலாற்றை அறிந்த நமக்கு, வங்கி கைமாறும் செய்தியும் அதே கலக்கத்தைத் தருகிறது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தோட்டத்தின் சொத்து மண்ணும் மரமும் ஆகும். வங்கியின் சொத்தோ பெரும்பாலும் வாக்குறுதிகளே. நாம் போட்டுவைத்த பணம், வங்கி நமக்குத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட கடன். நாம் வாங்கிய பணம், நாம் வங்கிக்குத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட கடன். கைமாறும்போது இலாபம் தரும் வாக்குறுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தெருவில் விட்டுவிட எந்த வங்கிக்கும் உரிமை கிடையாது.

நம் நாட்டில் வங்கி இணைப்பு நடைபெற வேண்டுமானால், முதலில் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவின் ஆய்வு வேண்டும். அரசாங்கத்தின் இசைவு வேண்டும். அதன்பின் உயர்நீதிமன்றம் உரிமை மாற்று ஆணை ஒன்றைப் பிறப்பிக்கும். அவ்வாணை குறிப்பிடும் நாள் முதல், சேமிப்பு, வைப்புத்தொகை, கடன், பிணை, நிலப்பட்டாவின் மீதுள்ள அடமானம் ஆகிய எல்லாவற்றிலும் பழைய வங்கியின் பெயர் இருக்குமிடத்தில் புதிய வங்கியின் பெயரை வைத்துப் படிக்க வேண்டும். இதுவே சட்டத்தின் கருத்து.

ஒரு சேமிப்புப் புத்தகம் கடந்துவந்த வழி

இதனை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு விளக்குவோம். மு. சிதம்பரம் செட்டியார் அவர்கள் 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்த அவ்வங்கி, விரைவில் பினாங்கிலும் கிளை அமைத்தது. அதற்கு முன்பே, 1907ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தது இந்தியன் வங்கி. 1943ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியது யுனைடெட் கமர்ஷியல் வங்கி. இம்மூன்றும் மலாயாவில் தொழில் நடத்தின. செட்டியார்களின் கிட்டங்கிகளை அறிந்திருந்த நம் மக்களுக்கு, இக்கிளைகள் அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்திய அரசாங்கம் 1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கிற்று. மேற்சொன்ன மூன்றும் அவற்றுள் அடங்கின. அயல்நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கிகள் இங்கே தொழில் நடத்துவதை மலேசியச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆகவே மூன்று வங்கிகளின் மலேசியத் தொழிலும் ஒன்றாக்கப்பட்டு, 1973ஆம் ஆண்டில் யுனைடெட் ஏசியன் வங்கி உருவாயிற்று. 1990களின் தொடக்கத்தில் அவ்வங்கி பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது. பேங்க் ஆஃப் காமர்ஸ், 1965இல் அமைக்கப்பட்ட பேங்க் பூமிபுத்ராவுடன் 1999ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேர்ந்து பூமிபுத்ரா-காமர்ஸ் வங்கியாயிற்று. 2006ஆம் ஆண்டில் அதுவே சி.ஐ.எம்.பி. வங்கி என்னும் பெயரைப் பெற்றது.

எண்ணிப் பாருங்கள். பாட்டனார் ஓர் இந்திய வங்கியின் மலாயாக் கிளையில் கணக்குத் தொடங்கியிருந்து, அக்கணக்கு மூடப்படாமல் இருந்திருந்தால், அது நான்கு முறை பெயர் மாறியிருக்கும். ஆயினும் ஒவ்வொரு முறையும் கணக்கின் பொறுப்பை அடுத்த வங்கி ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. புத்தகத்திலுள்ள பெயர் மறைந்தது, பொறுப்பு மறையவில்லை.

அஞ்சலகத்தில் பணம் சேர்த்தவர்களின் கதையும் இத்தகையதே. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பொறுப்புகளைப் பேங்க் சிம்பானான் நேஷனல் ஏற்றது. தோட்டப்புறங்களில் மிகுந்த பழக்கமுடைய சேமிப்பு முறை அது. அந்த மாற்றத்தினால் எவருடைய சேமிப்பும் அற்றுப் போகவில்லை.

வங்கிகள் ஏன் இணைக்கப்பட்டன?

1997, 1998ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளைப் பற்றிய நிதி நெருக்கடி நம் நாட்டையும் தாக்கிற்று. கொடுத்த கடன்கள் திரும்பி வராமையால் பல வங்கிகள் தளர்ந்தன. அரசாங்கம் 1998ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்களை அமைத்தது. வாராக்கடன்களை வாங்குவதற்கு டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு மூலதனம் அளிப்பதற்கு டானாமோடலும் ஏற்பட்டன. 1999ஆம் ஆண்டில் உள்நாட்டு வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் ஒருங்கிணைக்கும் திட்டத்தைப் பேங்க் நெகாரா அறிவித்தது. முதலில் ஆறு குழுக்கள் என்று சொல்லப்பட்டது. அதுபற்றி எழுந்த கருத்துகளுக்குப் பின்னர், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் பத்துக் குழுக்கள் என முடிவாயிற்று. 54 நிறுவனங்கள் இவ்வாறு பத்துக் குழுக்களாகச் சேர்ந்தன. 2006இல் சதர்ன் வங்கியும் 2011இல் இ.ஓ.என். வங்கியும் பிற வங்கிகளோடு கலந்தமையால், பத்து என்பது எட்டாயிற்று.

பினாங்கில் 1935ஆம் ஆண்டு முதல் விளங்கிய பான் ஹின் லீ வங்கியும், 1913ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் விளங்கிய குவோங் இக் வங்கியும் இவ்வாறு வேறு வங்கிகளுள் கலந்த ஊர் வங்கிகளே.

தளர்ந்த வங்கியை வலிய வங்கி ஏற்றுக்கொள்வது, போட்டவர்க்குக் காப்பாகும் என்பதை மறுப்பதற்கில்லை. 1986ஆம் ஆண்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கை நிறுத்தப்பட்டபோது, பணம் போட்டிருந்தோர் பட்ட துயரத்தை மூத்தவர்கள் அறிவர். கதவு அடைபடுவதைவிடப் பெயர்ப்பலகை மாறுவது எவ்வளவோ மேல் அல்லவா?

எவை மாறா? எவை மாறும்?

முதலில் மாறாதவற்றைக் காண்போம். கணக்கிலுள்ள தொகை மாறாது. நிலையான வைப்பு முதிரும் நாளும், அதற்கென ஒப்புக்கொண்ட வட்டியும் அத்தவணை முடியும்வரை மாறா. வீட்டுக்கடனின் எஞ்சிய தொகை குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. பழைய வங்கி இல்லாமற் போனதால் கடன் தீர்ந்தது என்று எண்ணித் தவணையை நிறுத்தியவர், பின்னர் வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட நேரும். நண்பருக்காகப் பிணைக் கையெழுத்து இட்டவரின் பொறுப்பும் அவ்வாறே தொடரும்.

மாறக்கூடியவை பல. கணக்கு எண் மாறலாம். பழைய அட்டையும் காசோலைப் புத்தகமும் ஒரு குறித்த நாளோடு செல்லாமற் போகலாம். கட்டணங்களும், கணக்கில் இருக்க வேண்டிய குறைந்த அளவுத் தொகையும் புதிய வங்கியின் வழக்கப்படி அமையலாம். வங்கியின் அடிப்படை வட்டியைச் சார்ந்து ஏறி இறங்கும் கடனாயின், மாதத் தவணையும் வேறுபடலாம். இத்தகைய மாற்றங்களை வங்கி முன்கூட்டியே கடிதத்தின் மூலம் தெரிவிக்கும். ஆனால் அக்கடிதம் எங்கே செல்லும்? கணக்குத் தொடங்கிய நாளில் நாம் கொடுத்த முகவரிக்குச் செல்லும். அம்முகவரி, இன்று செம்பனை நடப்பட்டுவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் லயமாக இருக்குமானால், கடிதத்தைப் படிப்பவர் யார்?

வைப்புப் பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கிய மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகம், உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்குரிய வைப்பைக் காக்கிறது. தொடக்கத்தில் 60,000 ரிங்கிட்டாக இருந்த காப்பு எல்லை, பின்னர் 250,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சேமநிதிப் பணத்தை இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டவர், அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டால், தமக்குரிய காப்பு எவ்வளவு என்பதை வங்கியிடம் கேட்டறிய வேண்டும்.

ஊர் இழப்பது எது?

பணம் பாதுகாப்பாகக் கைமாறுகிறது என்பதனால் ஊருக்கு ஓர் இழப்பும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத இழப்புகள் உண்டு.

இரண்டு வங்கிகள் ஒன்றானால், ஒரே தெருவில் அவ்விரண்டுக்கும் இருந்த கிளைகளில் ஒன்று மிகையாகிவிடும். அது மூடப்படும். பெரிய நகரத்தில் இது பெரிதாகத் தெரியாது. அடுத்த தெருவில் மற்றொரு வங்கி இருக்கும். தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணத்தில் இருந்ததே இரண்டு வங்கிகள்தாம் என்றால், அது ஊரின் பேச்சாகிவிடும். அதிகாலையில் பால்மரம் சீவச் செல்பவர், பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்த பின்னரே பட்டணம் போக முடியும். கிளை தொலைவுக்குப் போய்விட்டால், பேருந்துக் கட்டணத்தோடு அரைநாள் கூலியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

வங்கியில் பழகிய முகங்களும் மறைகின்றன. கைநாட்டு வைக்கும் மூதாட்டியை அறிந்து, படிவத்தைப் பொறுமையாக நிரப்பிக் கொடுத்த எழுத்தர் விருப்ப ஓய்வில் சென்றிருப்பார். அல்லது வேற்றூருக்கு மாற்றப்பட்டிருப்பார். புதிதாக வந்தவருக்கு அம்மூதாட்டி வெறும் ஓர் எண். பெயரின் எழுத்து அடையாளக் கார்டில் ஒருவிதமாகவும் பழைய புத்தகத்தில் வேறுவிதமாகவும் இருப்பது நம் மக்களிடையே பரவலான குறை. பழைய எழுத்தர், "இருவரும் ஒருவரே, எனக்குத் தெரியும்" என்று சொல்வார். புதியவர் சத்தியப் பிரமாணம் கேட்பார். அவர் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் அறிமுகத்தினால் முடிந்துவந்த காரியத்துக்கு இனிப் பத்திரம் தேவைப்படுகிறது.

மளிகைக் கடைக்காரரின் நிலையையும் பார்ப்போம். மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாத நாட்களில், தோட்ட மக்களுக்குக் கடனில் அரிசி பருப்புக் கொடுப்பவர் அவர். அவருக்குச் சரக்கு வாங்கப் பணம் தருவது பட்டணத்து வங்கி. அவருடைய நாணயத்தை நேரில் அறிந்த கிளை நிர்வாகி முன்பு தாமே முடிவு செய்தார். வங்கி பெரிதாகும்போது அம்முடிவு தலைமையகத்துக்குப் போய்விடுவதுண்டு. அங்கே கடைக்காரரின் நாணயம் தெரியாது. ஆண்டுக் கணக்கும் ஈட்டுச் சொத்துமே தெரியும். கடைக்காரருக்குக் கடன் இறுகினால் நமது பற்றுப் புத்தகமும் இறுகும். எங்கோ நடந்த இணைப்பு, நம் அடுப்படிவரை வந்து சேர்வது இவ்வாறுதான்.

பெரிய வங்கியினால் நன்மைகளும் உண்டு. எந்த ஊரிலும் அதன் இயந்திரத்தில் பணம் எடுக்கலாம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணம் விரைவில் வந்து சேரும். மேலும், கிளை இல்லாத இடங்களில் கடைகளையே முகவர்களாகக் கொண்டு சேவை வழங்கும் முறை 2012ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடையிலேயே சிறு தொகையைப் போடவும் எடுக்கவும் இதனால் வழி ஏற்பட்டது. எனினும் வாரிசுக் கணக்கு, கடன், பெயர்த் திருத்தம் போன்றவற்றுக்குக் கிளையையே நாட வேண்டியிருக்கிறது.

உறங்கும் பணம்

இனி, தகரப்பெட்டிக்கு மீண்டும் வருவோம். வங்கி மறைந்ததால் பணம் மறைவதில்லை என்று கண்டோம். ஆனால் நாம் மறந்தால், பணம் வங்கியில் நெடுநாள் தங்குவதில்லை. 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி, நீண்டகாலம் எவரும் தொடாத கணக்கிலுள்ள தொகையை வங்கி அரசாங்கப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். சேமிப்புக் கணக்குகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த வரையறை ஏழாண்டு. இத்தகைய பணத்தை மலாயில் 'வாங் தாக் டிதுந்தூட்' என்பர். ஜாபத்தான் அக்காவுந்தான் நெகாரா என்னும் தேசியக் கணக்காளர் துறை இதனைக் கவனிக்கிறது.

இங்கே இரு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்று, அரசாங்கத்திடம் போய்விட்ட பணத்தையும் உரியவரோ அவருடைய வாரிசோ தக்க சான்றுகளோடு கோரலாம். மற்றொன்று, கோராதவருக்கு அது தானாக வந்து சேராது. கணவர் இறந்தபின், அவருடைய பெயரிலிருந்த புத்தகத்தை நினைவுப் பொருளாக மட்டும் பாதுகாக்கும் தாய்மார் உண்டு. அப்புத்தகம் நினைவுப் பொருள் மட்டுமன்று. அது ஓர் உரிமைப் பத்திரம். அந்த உரிமை, மகளின் படிப்புக்கோ வீட்டின் முன்பணத்துக்கோ உதவக்கூடும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வங்கியின் பெயர் மாறுவதாகச் செய்தி வந்ததும், புத்தகத்தையும் அடையாளக் கார்டையும் எடுத்துக்கொண்டு நேரில் கிளைக்குச் செல்வோம். புதிய எண்ணையும் இருப்புத் தொகையையும் எழுத்தில் பெறுவோம்.

2. பழைய புத்தகத்தை எறிந்துவிடாதிருப்போம். கணக்கு இருந்ததற்கு அதுவே முதற்சான்று.

3. புதிய கணக்கு எண்ணைச் சம்பளம் போடும் அலுவலகத்துக்கும், ஊழியர் சேமநிதிக்கும், அரசாங்க உதவித்தொகை வழங்கும் துறைக்கும் தெரிவிப்போம். செத்துப்போன எண்ணுக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போய்விடும்.

4. கடன் தவணையை ஒரு மாதமும் தவறவிடாதிருப்போம். வீட்டுக்கடன் முழுவதும் தீர்ந்ததும், பட்டாவின் மீதுள்ள அடமானத்தை நீக்கும் பத்திரத்தைப் புதிய வங்கியிடமிருந்து கேட்டுப் பெறுவோம். இதனைச் செய்யாது விட்டால், பிள்ளைகள் காலத்தில் வீடு விற்கவோ பெயர் மாற்றவோ தடை நேரும்.

5. தோட்டத்தை விட்டு வேறிடம் குடிபெயரும்போது முகவரியை வங்கியில் மாற்றுவோம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கில் ஒரு சிறு தொகையைப் போட்டோ எடுத்தோ அதனை உயிரோடு வைத்திருப்போம்.

6. வங்கிகள் இணையும் காலம் வஞ்சகர்களுக்கும் வாய்ப்பான காலமாகும். "உங்கள் கணக்கைப் புதிய வங்கிக்கு மாற்றித் தருகிறோம், இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்பவருக்கு ஒன்றும் சொல்லக்கூடாது. எந்த வங்கியும் அதனைக் கேட்பதில்லை.

7. குறை இருப்பின் முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் முறையிடுவோம். விடை மனநிறைவு தராவிட்டால் பேங்க் நெகாராவின் கவனத்துக்குக் கொண்டு செல்வோம்.

இவை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யக்கூடியவை. கிளை மூடப்படும் செய்தி வரும்போது, ஊர் ஒன்றாய் நின்று செய்ய வேண்டியதும் உண்டு. எத்தனை குடும்பங்கள் அக்கிளையை நம்பியிருக்கின்றன, அடுத்த கிளை எவ்வளவு தொலைவு, முதியோரும் உடல் ஊனமுற்றோரும் எத்தனை பேர் என்பவற்றைத் தொழிற்சங்கக் கிளையும் கோயில் செயலவையும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் கணக்கெடுத்துக் கொடுக்கலாம். மூடியபின் வருந்துவதைவிட, மூடுமுன் எண்களோடு பேசுவதே பயன் தரும். கிளையைக் காக்க முடியாவிட்டாலும், ஒரு முகவர் கடையையோ ஓர் இயந்திரத்தையோ கேட்டுப் பெற முடியலாம்.

எழுதப் படிக்க அறிந்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை நாளில், உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள பெரியவர்களோடு அமர்ந்து அவர்களுடைய பழைய புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். வங்கியின் பெயர், கணக்கு எண், கடைசியாகப் பணம் போட்ட நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். அவ்வங்கி இன்று எந்தப் பெயரில் இயங்குகிறது என்று விசாரித்து, பெரியவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். தமிழறிந்த எழுத்தர் இல்லாத குறையை நீங்களே தீர்த்துவைக்கலாம்.

வங்கிகள் பிறக்கலாம், இணையலாம், பெயர் மாறலாம். அவற்றுள் கிடப்பது பாட்டாளியின் வியர்வை. அதன் கணக்கை அடுத்த வங்கி ஏற்றுக்கொள்ளும்படி சட்டம் பார்த்துக்கொள்கிறது. அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்போ நம்முடையது. இன்றே அத்தகரப்பெட்டியைத் திறப்போமாக.